போருக்குப் போய்த் திரும்பாத கிராமத்துச் சிப்பாயின் வாழ்வையும் இறப்பையும் தேடி எழுதுவது எப்படி?

தமிழ்நாட்டின் சில ஊர்களில், பழைய அரசு அலுவலகச் சுவரிலோ பள்ளிக்கூட வாசலிலோ ஊர்ச் சாவடியிலோ, ஒரு சிறிய கல்வெட்டு பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று ஆங்கிலத்தில் எண்களை மட்டும் சொல்லும் அந்தக் கல்லில் ஒருவர் பெயர்கூட இராது. அந்த எண்ணுக்குள் இருக்கும் ஓர் இளைஞரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் எங்கே பிறந்தார், எந்தப் படையில் சேர்ந்தார், எங்கே எப்படி இறந்தார் என்பதை நான்கைந்து பக்கங்களில் எழுதி வைக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். இரண்டு உலகப் போர்களில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து இறந்தவர்களுக்கே இது பொருந்தும். 1947க்குப் பிந்தைய போர்களுக்கும், மலேயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கும் தேடும் வழி வேறு.

தேடுவோர் பெரும்பாலும் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். தொடக்கத்திலேயே சிக்கிக்கொள்வதும் அதனால்தான். முனுசாமி என்றும் பெருமாள் என்றும் அந்தோணி என்றும் நூற்றுக்கணக்கானோர் படைப் பதிவுகளில் இருக்கிறார்கள். தலைப்பெழுத்து இராது. படையில் சேரும்போது எழுதிக்கொண்ட எழுத்தர் தமிழ் அறியாதவராகவும் இருந்திருக்கலாம். உண்மையில் தேட வேண்டியவை நான்கு: அவருடைய படை எண், அவர் இருந்த படைப்பிரிவு, தந்தை பெயரும் ஊரும், இறந்த தேதி. இவற்றில் இரண்டு உறுதியாகக் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் அநேகமாகக் கிடைத்துவிடும். பெயர் மட்டும் ஒத்துப்போவதை வைத்துக்கொண்டு இவர்தான் நம் தாத்தாவின் அண்ணன் என்று முடிவு செய்யக் கூடாது.

ஊரில் தொடங்குங்கள்

இணையத்தில் தேடுவதற்கு முன் ஊரிலுள்ள மூத்தவர்களிடம் பேசுவது நல்லது. ஆவணம் எங்கும் போய்விடாது, பெரியவர்கள் அப்படியல்லர். "எந்தப் போர்?" என்று கேட்டால் பதில் வராது. "பஸ்ராவுக்குப் போனாரா, பர்மாவுக்குப் போனாரா, ஆப்பிரிக்காவுக்குப் போனாரா?" என்று இடத்தைச் சொல்லிக் கேட்டால், தங்கள் பாட்டி வாயிலாகக் கேட்ட ஒரு சொல் அவர்கள் நினைவுக்கு வரக்கூடும். ஆண்டைக் கேட்பதைவிட, அக்காலத்தில் நடந்த பெரிய நிகழ்ச்சிகளோடு சேர்த்துக் கேட்பது பயன் தரும். எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22. விஷக் காய்ச்சலில் ஊர் ஊராக மக்கள் மாண்டது 1918. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று அஞ்சிச் சென்னையை விட்டு மக்கள் வெளியேறியது 1942 ஏப்ரல். அதற்கு முன்னா பின்னா என்பதை ஒரு குடும்பம் பெரும்பாலும் அறிந்திருக்கும்.

ஜாதக நோட்டிலோ பழைய கணக்குப் புத்தகத்திலோ தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால், அதை மாற்றிக்கொள்வது எளிது. முதற்போர்க் காலத்து ஆண்டுகள் ஆனந்த, ராட்சச, நள, பிங்கள, காளயுக்தி. ஆனந்த ஆண்டு 1914 ஏப்ரலில் தொடங்கியது. இரண்டாம் போர் மூண்டது 1939 ஏப்ரலில் தொடங்கிய பிரமாதி ஆண்டில். அதைத் தொடர்ந்து விக்கிரம, விசு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப என்று வரும். குடும்பத்தில் அவருக்குத் திதி கொடுக்கும் வழக்கம் இருந்தால் அந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது அவர் இறந்த நாளாக இல்லாமல் செய்தி வந்து சேர்ந்த நாளாக இருக்கக்கூடும். வெளிநாட்டில் இறந்தவரின் சேதி ஊருக்கு வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகியிருக்கலாம். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களில் அகால மரணம் அடைந்த ஆண்களைப் பட்டவன் என்று வழிபடும் வழக்கம் உண்டு. அப்படியொரு வழிபாடு அந்தக் குடும்பத்தில் இருந்தால், படையலின்போது சொல்லப்படும் கதையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பொருள்களைப் பார்க்க வேண்டும். டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பதக்கம் இருந்தால் அதுவே மிகப் பெரிய ஆதாரம். முதற்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காத பதக்கங்களையே கொடுத்தார்கள். இந்தியர்களுக்கு வழங்கப்பட்டவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. புளியோ சாம்பலோ போட்டுப் பதக்கத்தைத் தேய்க்க வேண்டாம், எழுத்துத் தேய்ந்துவிடும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்து, விளிம்பு முழுவதையும் சிறிது சிறிதாகத் திருப்பிப் படம் எடுங்கள். ஊர்க் கல்வெட்டுக்கும் இதே முறைதான். சுண்ணாம்பு பூசியும் எண்ணெய் தடவியும் எழுத்தை எடுப்பாகக் காட்ட முயல வேண்டாம். பதக்கத்தின் உலோகத்தையும் கவனியுங்கள். முதற்போரில் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்களுக்கு வெள்ளியிலும், தொழிலாளர் படையினருக்கும் படையோடு சென்ற ஏவலர்களுக்கும் வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. வெண்கலப் பதக்கம் கிடைத்தால் அவர் துப்பாக்கி ஏந்தியவராக இல்லாமல், சமையற்காரராகவோ தண்ணீர் சுமந்தவராகவோ காயம்பட்டவரைத் தூக்கிச் சென்றவராகவோ சாலை போட்டவராகவோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். குடும்பத்தார் எல்லோரையும் "பட்டாளத்துக்குப் போனவர்" என்றே சொல்வார்கள், அது சரியும்கூட.

முதற்போரில் இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு, ஏறக்குறைய 12 செ.மீ. குறுக்களவுள்ள வட்டமான வெண்கலத் தகடு ஒன்றும் அனுப்பப்பட்டது. அதில் பெயர் மட்டும் இருக்கும், பதவியோ எண்ணோ இராது. பழைய பாத்திரத்தோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்ட குடும்பங்களும் இருக்கும், ஆகையால் "அப்படி ஒரு தட்டு வீட்டில் இருந்ததா?" என்று கேட்டுக் கிடைக்கும் பதிலும் ஒரு சான்றாகும். கடிதமோ அஞ்சலட்டையோ இருந்தால், உள்ளே எழுதியிருப்பதைப் போலவே உறையின் முத்திரையையும் பாருங்கள்; போர்க்கள அஞ்சல் நிலையத்தின் எண்ணைக் கொண்டு அது எந்த வட்டாரத்திலிருந்து வந்தது என்பதைக் கண்டறிய முடியும். மணியார்டர் துண்டுகளும் ஓய்வூதியப் புத்தகமும் எண்ணையும் படைப்பிரிவையும் தரும். கிறித்தவக் குடும்பமானால் திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தை பெயரும் பிறந்த ஆண்டும் கிடைக்கும்.

பெயரை ஆவணத்தில் கண்டறிதல்

அடுத்து, 1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளம். தேடுவதற்குக் கட்டணம் இல்லை. முதற்போருக்கு 1914 ஆகஸ்டு 4 முதல் 1921 ஆகஸ்டு 31 வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்கள் இதில் வருவார்கள். போர் முடிந்தபின் காய்ச்சலிலோ விபத்திலோ இறந்தவரும் இருக்கக்கூடும் என்பதால், 1918 நவம்பரோடு தேடலை நிறுத்திவிட வேண்டாம்.

இந்தியப் படையினருக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான். அது குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும். சாமி என்று முடியும் பெயர்களை அக்கால எழுத்தர்கள் எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று எழுதும் வழக்கமுடையவர்கள். உகரத்துக்கு யு வரும், இரட்டை ஓ-வும் வரும். ழகரத்துக்கு எல் வரும், இசட்டும் வரும். முழுப் பெயரையும் அடிக்காமல், முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் கொடுத்து "தொடங்கும்" என்ற தெரிவைப் பயன்படுத்துங்கள். இந்தியப் படை என்று வடிகட்டிவிட்டு, கூடுதல் விவரக் கட்டத்தில் ஊர்ப் பெயரையோ தாலுகாவின் பெயரையோ மட்டும் இட்டுத் தேடுவது இதைவிட நல்ல வழி. பல பதிவுகளில் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் என்ற வரிசை அங்கேதான் இருக்கிறது. மாவட்டம் அக்காலத்து மாவட்டமாக இருக்கும். இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டைப் பகுதிகளுக்கு வட ஆற்காடு, தருமபுரி, கிருஷ்ணகிரிக்குச் சேலம், தூத்துக்குடிக்கு டின்னவேலி (திருநெல்வேலி), விருதுநகர்ப் பகுதியில் பெரும்பாலானவற்றுக்கு ராம்நாடு (ராமநாதபுரம்). ஒரு பதிவு பொருந்துவதுபோல் தோன்றினால், அதே ஊர், அதே தாலுகாவைச் சேர்ந்த மற்றவர்களின் பதிவுகளையும் எடுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த எண்களோடு ஒரே படைப்பிரிவில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அவர்கள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தவர்களாக இருக்கலாம்.

பெயர் கிடைத்தவுடன் கல்லறையின் படத்தைத் தேட வேண்டாம். இந்துவாக இருந்தால் உடலைத் தகனம் செய்திருப்பார்கள். இம்பாலிலும் கோஹிமாவிலும் அப்படித் தகனம் செய்யப்பட்டவர்களுக்கென்றே தனி நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. பர்மாப் போரில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் யாங்கோனுக்கு வடக்கே டாக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தின் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே ஏறத்தாழ 27,000 பெயர்கள் இருக்கின்றன. மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் இறந்தவர்களுக்கு சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச்சின்னம். டெல்லி இந்தியா கேட்டில் எல்லோர் பெயரும் இருப்பதாக நம்மில் பலர் எண்ணுகிறார்கள். முதற்போரில் இறந்த இந்தியப் படையினர் ஏறத்தாழ 74,000 பேர். இந்தியா கேட்டில் உள்ளவை 13,000க்குச் சற்று அதிகமான பெயர்கள்தான்.

பஸ்ரா நினைவுச்சின்னத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதற்போரில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற பலர் மெசபடோமியாவுக்குத்தான், அதாவது இன்றைய ஈராக்குக்குத்தான், சென்றார்கள். கல்லறை இல்லாத 40,000க்கும் மேற்பட்டோருக்கான அந்தச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயரும் இந்திய அதிகாரிகளின் பெயரும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கை மட்டுமே இடம்பெற்றது, பெயர்கள் பதிவேட்டில்தான். ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதையும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டதையும் ஒப்புக்கொண்டது. எனவே பஸ்ராவில் அவர் பெயர் பொறித்த கல்லின் படம் கிடைக்கவில்லை என்றால் தேடலில் குறை இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. பொறிக்கவே இல்லை, அவ்வளவுதான். அதையும் உங்கள் கட்டுரையில் எழுதுங்கள்.

படைப்பிரிவோடு நடந்து பார்த்தல்

சாதாரணச் சிப்பாய்க்குத் தனி வரலாறு எழுதப்பட்டிராது; படைப்பிரிவுக்கு எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிரிவும் போர்க் காலத்தில் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதியது. முதற்போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ-ஓ 95 என்ற வரிசையில் உள்ளன, பலவற்றை இணையத்திலேயே தரவிறக்கலாம். இரண்டாம் போருக்கு அதே டபிள்யூ-ஓ வரிசைகளில் மத்திய கிழக்கு 169, இத்தாலி 170, தென்கிழக்கு ஆசியா 172 என்ற எண்களைப் பாருங்கள். டெல்லித் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் தேடுவது பயன் தரும். நாட்குறிப்பில் சிப்பாயின் பெயர் பெரும்பாலும் வராது. அவர் இறந்த தேதிக்கு நேரே "ஒரு சிப்பாய் இறந்தார்" என்ற வரி இருந்தால் அது அவராக இருக்கலாம். இல்லாவிட்டாலும் அன்று அந்தப் பிரிவு எங்கே இருந்தது, மழையா வெயிலா, சண்டையா நடைப்பயணமா என்பது தெரிந்துவிடும்.

இந்த ஆவணங்களை எழுதியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையை எடுத்துக்கொள்வோம். 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைக் கைப்பற்ற அனுப்பப்பட்ட படையில் அதுவும் இருந்தது. தாக்குதல் படுதோல்வியில் முடிந்தது. பழியின் பெரும்பகுதி இந்தியப் பிரிவுகள்மீது, குறிப்பாக இந்தப் பாளையங்கோட்டைப் பிரிவின்மீது சுமத்தப்பட்டது. ஓடிவிட்டார்கள் என்று ஆங்கில நூல்கள் இன்னும் எழுதுகின்றன. அந்தச் சிப்பாய்கள் ஏறத்தாழ ஒரு மாதம் நெரிசலான கப்பல்களில் கிடந்து, கடல் நோயோடு வந்து, போதிய ஓய்வும் வேவும் இல்லாமல், துறைமுகத்தார் முன்னரே எச்சரிக்கை பெற்றிருந்த இடத்தில் அடர்ந்த புதருக்குள் இறக்கிவிடப்பட்டார்கள் என்பதும், இயந்திரத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தேனீக்களும் கொட்டின என்பதும் அதே நூல்களில் வேறு பக்கங்களில் இருக்கின்றன. திருநெல்வேலிச் சீமையின் ஓர் இளைஞர் அங்கே இறந்திருந்தால், இரண்டு பக்கங்களையும் சேர்த்து வைத்துத்தான் அவர் இறந்த நாளை எழுத முடியும்.

மெசபடோமியாவில் இறந்தவரானால் நோயைப் பற்றிப் படியுங்கள். காலரா, சீதபேதி, வெயில் தாக்கம், காய்கறி இல்லாததால் வரும் ஸ்கர்வி ஆகியவை குண்டுக்குச் சளைக்காமல் உயிர்களைக் கொண்டுபோயின. பாக்தாதைப் பிடித்த படைத்தலைவர் ஜெனரல் மாட் 1917 நவம்பர் 18இல் காலராவில்தான் இறந்தார். அவருக்கே அப்படியென்றால் கூடாரத்தில் கிடந்த சிப்பாயின் நிலையை ஊகிக்கலாம். மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவில் இருந்தவரானால், 1917 பிப்ரவரி 23இல் ஷும்ரான் வளைவில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்த நடவடிக்கையைத் தேடிப் பாருங்கள். படகு செலுத்துவதும் பாலம் அமைப்பதும் எதிரியின் சூட்டுக்கு இடையே நடந்த வேலைகள். அந்தப் படையின் மையம் இன்றும் பெங்களூரில் இருக்கிறது. முதற்போரின் மதராஸ் காலாட்படைப் பிரிவுகளில் பெரும்பாலானவை 1920களில் கலைக்கப்பட்டுவிட்டன. இரண்டாம் போரின்போது மீண்டும் எழுப்பப்பட்ட மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரி வெலிங்டனில் உள்ளது. இரண்டுக்கும் எண், பெயர், இறந்த தேதி ஆகியவற்றோடு மடல் எழுதலாம். எண் இல்லாத மடலுக்குப் பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஏன் சேர்ந்தார் என்ற கேள்வி

1914இல் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். அதில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு அனுப்ப வழி இருந்தது. மழை பொய்த்த புன்செய் ஊரில், கடன் உள்ள வீட்டில், அது என்னவாக இருந்திருக்கும் என்பதை எழுதலாம். ஆனால் இவர் கடனுக்காகத்தான் போனார் என்று ஆதாரமின்றி எழுதக் கூடாது. 1917க்குப் பிறகு ஆள் சேர்ப்பில் வருவாய்த் துறையினரும் ஈடுபடுத்தப்பட்டார்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்காலத்து அரசாணைகளையும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அக்காலத்து இதழ்களையும் பார்த்தால், உங்கள் தாலுகாவில் என்ன நடந்தது என்பதற்குக் குறிப்பு கிடைக்கலாம். சாதியைத் தவிர்த்துவிட்டு இந்தப் பகுதியை எழுத இயலாது. படையே சாதி, சமய வாரியாக ஆள் சேர்த்தது. மதராஸ் படைகளில் பறையர்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் கணிசமாக இருந்தார்கள். ஊரார் சொல்லும் பட்டியலில் சேரிப் பிள்ளைகளின் பெயர் விடுபட்டிருக்கிறதா என்பதை, ஊரின் இரு பகுதிகளிலும் தனித்தனியே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கல்வெட்டு எண்ணுக்கும் ஊரார் சொல்லும் எண்ணுக்கும் இடைவெளி இருந்தால், முதலில் அங்கே தேடுங்கள்.

எழுதும்போது

ஆவணம் சொல்வது, குடும்பம் சொல்வது, நீங்கள் ஊகிப்பது ஆகிய மூன்றும் படிப்பவருக்கு வேறுபட்டுத் தெரிய வேண்டும். "பதிவின்படி", "பேத்தி சொன்னபடி", "இருந்திருக்கலாம்" என்ற சொற்களைக் கூச்சமின்றிப் பயன்படுத்துங்கள். அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எழுதாதீர்கள். சீதபேதியில் மருத்துவமனையில் இறந்தவருக்கு வீரமரணம் என்று தலைப்பிட்டால், அவர் உண்மையில் பட்ட துன்பம் மறைந்துவிடுகிறது. இறந்த இடம், தேதி, காரணம் ஆகியவற்றை உள்ளபடி எழுதினால் போதும். காரணம் தெரியவில்லையென்றால் அந்த மாதம் அந்தப் பிரிவு இருந்த நிலையை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். போரின் பெரிய வரலாற்றுக்கு ஒரு பத்திக்குமேல் கொடுக்க வேண்டாம், அதைப் பிறர் எழுதியிருக்கிறார்கள். அவருடைய தாய் பெயர், மணமானவரா, மனைவி பிறகு என்ன ஆனார், நிலம் யாருக்குப் போனது என்பவற்றுக்கு இடம் கொடுங்கள். இவற்றை எந்த ஆவணக் காப்பகமும் தராது.

வெளியிடுவதற்கு முன் முழுவதையும் குடும்பத்தாருக்குப் படித்துக் காட்டுங்கள். மறுமணம், சொத்துத் தகராறு போன்றவற்றில் அவர்கள் நீக்கச் சொல்வதை நீக்கிவிடுங்கள். பதக்கத்தின் படத்தை இணையத்தில் இடும்போது வீட்டு முகவரி தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பதக்கங்களை வாங்கி விற்போர் உண்டு. ஆணையத்தின் பதிவில் ஊர்ப் பெயரோ தந்தை பெயரோ தவறாக இருந்தால், சான்றுகளை இணைத்துத் திருத்தம் கோரலாம். பதிவே இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கவும் விண்ணப்பிக்கலாம். அவர் படையில் இருந்தார் என்பதற்கும், மேலே சொன்ன தேதிகளுக்குள் இறந்தார் என்பதற்கும், படைவிலகிய பிறகு இறந்திருந்தால் படைப்பணியில் ஏற்பட்ட காயமோ நோயோதான் காரணம் என்பதற்கும் அக்காலத்து ஆவணம் வேண்டும். ஓய்வூதியப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, படம் எடுத்து அனுப்புங்கள்; குடும்ப வாய்மொழியைத் தனித் தாளில் எழுதி, சொன்னவரின் கையொப்பத்தோடும் தேதியோடும் இணையுங்கள்.